மச்சான் கையை எடுத்தால் விசில்

என்னைக் குழியிலிருந்து காப்பாற்றியவர் என் பெண்டாட்டியின் அண்ணன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. மறுபடி குழிக்குள் தள்ளப் பார்த்ததும் அதே ஆள்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு மச்சான் சண்டைக்கு வந்தால் வரட்டும், நான் பயப்படுகிற ஆள் இல்லை.

பயம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான். கேஜ். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. கோலார் தங்க வயலில் ஆறு வருஷம் எலெக்ட்ரீஷியன் ஹெல்பராக அதில் ஏறி இறங்கினேன். கூண்டு விழுகிற வேகத்தில் குடல் தொண்டைக்கு வரும். கீழே போனால் பாறையே அடுப்பு. கட்டிய துண்டைப் பிழிந்து பிழிந்து வேலை செய்ய வேண்டும். கூட வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். ஆறு வருஷமும் ஒரு நாள்கூட அது பழகவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் தபாலில் ரேடியோ பாடம் படித்தேன். அறுபதுகளின் கடைசியில், சர்டிபிகேட்டைக் காட்டிக் காட்டி, மேலே ஒர்க்‌ஷாப்பில் ஒரு இடம் வாங்கினேன். ஆறு மாதம் டிரையல். டிரையல் முடிகிற நேரத்தில்தான் ரெஸ்க்யூ வேனின் வயர்லெஸ் செட் என் தலையில் விழுந்தது.

பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் ஆட்களை மீட்க ஓடுகிற வண்டி அது. ரெஸ்க்யூ ஸ்டேஷனில் ஒரு செட், வண்டியில் ஒரு செட். இரண்டும் யுத்த காலத்துப் பழைய வால்வு செட்டுகள். இரண்டும் லைசென்ஸில் எழுதிய ஒரே அலைவரிசை எண்ணில் துடிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு வயர்லெஸ் ஆபீசர் வந்து அளந்து பார்த்தார். ஸ்டேஷன் செட் பாஸ். வண்டி செட் எண்ணுக்கு மேலே ஓடுகிறது என்று ஃபெயில் போட்டார். இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃபோர்மன் என்னைக் கூப்பிட்டார். வெற்றிலை மென்றுகொண்டே பேசுகிற மனுஷன். கோபம் வந்தால்தான் துப்புவார். அன்று துப்பினார்.

"தோ பாருய்யா. சனிக்கிழமை செட்டு பாஸ் ஆச்சுன்னா நீ இங்க பர்மனென்ட். ஆகலைன்னா திங்கக்கிழமை கேஜ்ல ஏறு. நடுவுல பேச்சே கெடையாது."

"கிரிஸ்டலே தப்பா வந்துகீது சார். நான் இன்னா பண்றது?"

"ரேடியோ படிச்சவன் நீயா நானா?"

கிரிஸ்டல் என்பது ஒரு குவார்ட்ஸ் கல் சில்லு. நகம் அளவுதான். இரண்டு கால் வைத்த தகர டப்பிக்குள் உட்கார்ந்திருக்கும். அது துடிக்கிற துடிப்பைத்தான் செட் காற்றில் விடும். அன்று சாயங்காலம் ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை மச்சானிடம் சொன்னேன். அவர் சுரங்கத்தில் பெயிண்டர் மேஸ்திரி, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

"குவார்ட்ஸ் கல்லா? அதுக்கா மாப்ள இம்மாம் பெரிய மூஞ்சி வெச்சிக்கினு குந்தினுகீற? அடியில வண்டி வண்டியா ஒடச்சிப் போட்றாங்களே. ஒரு கூடை கொண்டாரட்டா?"

"யோவ், அது அறுத்த கல்லுய்யா. கணக்கா அறுத்தது."

"நாங்க அறுக்க மாட்டமா?"

இந்த மனுஷனிடம் விளக்குவதற்குப் பதில் பாறையிடம் பேசலாம். கல்லைத் தொடாமலே துடிப்பை மாற்றலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன். கிரிஸ்டலின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு குட்டி கன்டென்சரைப் போட்டால் துடிப்பு கொஞ்சம் இறங்கும். பெரிதாகப் போட்டால் அதிகமாக இறங்கும். எனக்கு வேண்டியது மிகமிகச் சின்னது. ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதினேன்: "சிறிய கன்டென்சர், ஒன்று." நான்காம் நாள் ஒரு பெட்டி வந்தது. உள்ளே சீலிங் ஃபேன் கன்டென்சர் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் என் கட்டை விரலைவிடப் பெரிது. ஸ்டோர் கிளார்க்கிடம் போய் நின்றேன்.

"சின்னது கேட்டேன். ஃபேன் கன்டென்சர் குடுத்துகீறே."

"இருக்கிறதுலயே இதான் சின்னது. மோட்டார் கன்டென்சரைப் பாத்தா இன்னா சொல்லுவ? எடுத்துக்கினு போ."

அந்தப் பெட்டியைத் தூக்கி அந்த ஆளின் மேஜையில் வைத்த சத்தத்துக்கு ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆண்டர்சன்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. அங்கே குப்பை டப்பாவைக் கிளறி ஒரு டிரிம்மர் எடுத்தேன். திருகாணி வைத்த கன்டென்சர். திருகாணியை முடுக்கினால் தகடுகள் நெருங்கி அளவு கூடும், தளர்த்தினால் குறையும். நடுவில் மைக்கா ஏடு. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

சரிபார்க்கவும் வழி இருந்தது. ஒழுங்காக ஓடும் ஸ்டேஷன் செட்டையும் வண்டி செட்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு ரேடியோவில் கேட்டால் விசில் அடிக்கும். இரண்டின் துடிப்புக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு கீச்சென்று. வித்தியாசம் குறையக் குறைய விசில் இறங்கும், உறுமலாகும், கடைசியில் அடங்கிவிடும். அடங்கினால் இரண்டும் ஒன்று. மூன்றாவது ரேடியோ கேன்டீனில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு ஒரு ஷிப்ட் ஆட்கள் முழுக்க என்னைத் திட்டினார்கள். பாட்டுக் கேட்கிற நேரத்தில் ரேடியோவைப் பறித்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் என் அம்மாவை எதற்கு இழுத்தார்கள் என்று தெரியவில்லை.

டிரிம்மரை வைத்து மெல்லத் திருகினேன். விசில் இறங்கியது. இன்னும் திருகினேன். உறுமல். ஒரு மயிரிழை. அடங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என் கை ஒரு காரியம் செய்தது. சுரங்கத்தில் ஆறு வருஷம் வேலை செய்தவனுக்கு அரைகுறையாக நிற்கிற திருகாணி கண்ணில் படக்கூடாது. கீழே ஒரு நட்டு தளர்ந்தால் ஆள் போய்விடும். முடுக்க வேண்டும், முடுக்கிய பிறகு இன்னும் அரைச் சுற்று முடுக்க வேண்டும். எங்கள் கைக்கு அப்படித்தான் பழக்கம். முடுக்கிவிட்டேன். படக். மைக்கா நொறுங்கியது. விசில் அலறியது.

அதற்கு யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அன்றைக்கு அதிக எரிச்சல்.

கடையில் வேறு டிரிம்மர் இல்லை. வெள்ளிக்கிழமை காலை வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது என் பெண்டாட்டி பக்கத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு மிச்சம் கிடக்கும், உள்ளே கம்பி ஓடுகிற பிளாஸ்டிக் வயரில் எல்லார் வீட்டிலும் கூடை பின்னுவார்கள். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு வயரை முறுக்கிக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் புத்தி வந்தது. இரண்டு வயரை ஒட்டி முறுக்கினாலே அது ஒரு கன்டென்சர்தானே? ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு துளி கூடும். கைப்பிடியைக் கத்தரித்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னாங்க இது? ரெண்டு நாளா பின்னினுகீறேன்."

"திங்கக்கிழமை நான் கேஜ்ல ஏறணுமா, வேணாமா?"

"கேஜுக்கும் என் கூடைக்கும் இன்னா?"

பதில் சொல்ல நேரமில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். ஒரு வயரைக் கிரிஸ்டலின் ஒரு காலில், இன்னொன்றை மற்ற காலில் ஈயம் உருக்கி சால்டர் வைத்து, மீதியை முறுக்கினேன். ஏழாவது முறுக்கில் உறுமல். எட்டாவதில் பாதி. விசில் செத்தது. இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஃபோர்மன் வந்து ரேடியோவில் காதை வைத்தார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான் சார். அடங்கிடிச்சி."

"காலையில விசிலாவது வந்துகினு இருந்திச்சி. அதையும் கெடுத்துட்டியா?"

அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு முறுக்கைப் பிரித்து விசிலைக் காட்டி, மறுபடி முறுக்கி அடக்கினேன். அவர் துப்பவில்லை. அது நல்ல அறிகுறி. வண்டியின் பின்கதவைச் சாத்திவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சாக்பீஸால் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம். பெரிய ஆள் யாராவது பார்க்க வருகிறார் என்றால் அவருக்கு முன்னால் பெயிண்ட் வந்துவிடும். பாதை ஓரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, தீ வாளிக்குச் சிவப்பு, இரும்பு எதைக் கண்டாலும் சில்வர் பெயிண்ட். மெஷின் ஓடுகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மச்சானுக்கு சில்வர் பெயிண்ட் என்றால் உயிர். தன் சைக்கிள், கோழிக் கூண்டு, எங்கள் வீட்டுக் கட்டிலின் நான்கு கால் எல்லாம் அவர் கைவண்ணம்.

சனிக்கிழமை காலை வண்டிக் கதவைத் திறந்தேன். கண் கூசியது. சக்கரம், படி, சீட்டின் கம்பி, செட்டின் பெட்டி. பெட்டியின் மூடி கழற்றி வைத்திருந்தது. உள்ளேயும் அடித்திருந்தார். என் சிவப்பு மஞ்சள் வயர் வெள்ளிப் புழுவாகப் படுத்திருந்தது. எல்லாம் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் மச்சான் டப்பாவும் பிரஷ்ஷுமாக, கழுத்தில் மாலை விழக் காத்திருக்கிற மாதிரி நின்றார்.

"எப்படி மாப்ள? உன் செட்டுன்னு உள்ளாறயும் ரெண்டு கோட்டு குடுத்துகீறேன்."

"தொடாதேன்னு எழுதியிருந்தனே!"

"கையால தொடவே இல்லியே. பிரஷ்ஷாலதான் அடிச்சேன்."

நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சில்வர் பெயிண்ட் என்பது அலுமினியத் தூள். கன்டென்சருக்கு மேல் உலோகத்தைப் பூசினால் அது கன்டென்சரைப் பெரிதாக்கியது போல. ஸ்டேஷன் செட்டையும் கேன்டீன் ரேடியோவையும் ஓடவிட்டு, வண்டி செட்டைப் போட்டேன். விசில். இந்தத் தடவை துடிப்பு எண்ணுக்குக் கீழே போயிருந்தது. சரி, முறுக்கைக் குறைக்கலாம் என்று ஒன்று பிரித்தேன், இரண்டு பிரித்தேன். அடங்கியது. மூச்சு விட்டேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி விசில். பெயிண்ட் காயக் காயத் துடிப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. திரும்ப முறுக்கினேன். வயரைப் பிரித்தும் முறுக்கியும் எத்தனை தடவை? பட்டென்று ஒன்று முறிந்தது. பாதி வயர் என் கையோடு வந்துவிட்டது. துடிப்பு எண்ணுக்கு மேலே போய் நின்றது. சால்டர் இரும்பு ஒர்க்‌ஷாப்பில். கேட்டில் ஆபீசரின் ஜீப் சத்தம்.

அவ்வளவுதான், திங்கட்கிழமை கேஜ் என்று வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். காதில் விசில், கண்ணில் கூண்டு.

"மாப்ள, இங்க ஒரு எடம் வுட்டுட்டேன் போலகீது" என்று மச்சான் தலையை உள்ளே விட்டு, பெட்டிக்குள் கையைக் கொண்டுபோனார்.

விசில் இறங்கியது.

"அசையாதே!" என்று கத்தினேன்.

பயந்து கையை வெளியே இழுத்தார். விசில் ஏறியது.

"கைய வை. மறுபடி வைய்யா!"

"திட்டுறதா வெக்கச் சொல்றதா, ஒண்ணு சொல்லு."

மனிதனின் உடம்பும் ஒரு தகடு மாதிரிதான். வயருக்குப் பக்கத்தில் கையை வைத்தால் கன்டென்சர் கொஞ்சம் பெரிதாகும், துடிப்பு இறங்கும். முறிந்த வயர் விட்ட குறையை மச்சானின் உள்ளங்கை சரிக்கட்டியது. என் கையை வைத்திருப்பேன், ஆனால் மைக்கைப் பிடிக்கவும் சுவிட்சைப் போடவும் எனக்கு இரண்டு கையும் வேண்டும். மேலும் மச்சானின் கை பெரிது. பெட்டியின் ஓரத்தில் அவர் மணிக்கட்டைச் சாய்த்து, விரலை விரிக்கச் சொல்லி, விசில் அடங்கிய இடத்தில் நிறுத்தினேன்.

"இங்கயே நில்லு. மூச்சுகூட மெதுவா வுடு."

"ஷாக் அடிக்குமா?"

"தொட்டாத்தான் அடிக்கும்."

அப்புறம் அவர் சிலை மாதிரி நின்றார்.

ஆபீசர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தன் அளவு மெஷினை வண்டி ஓரத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்தார். நடுவில் டீ வந்தது. டீயை ஆற்றிக் குடித்தார். மச்சானின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் கண் இரண்டும் மூக்கைப் பார்த்துக் கோணிக்கொண்டன. முகத்தைச் சுளித்து ஊதினார். ஆபீசரின் புருவம் உயர்ந்தது. நான் ஈயைத் துரத்தினேன். புருவம் இறங்கியது. ஸ்டேஷன் செட்டை அணைத்துவிட்டு ஃபோர்மனும் வந்து நின்றார். மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

ஆபீசர் ஹெட்போனைக் கழற்றினார். "ஃப்ரீக்வன்சி கரெக்டா இருக்கு. குட். ஆனா இவர் யாரு? வந்ததுலேர்ந்து உள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிறார்."

"ஹெல்பர் சார்" என்றார் ஃபோர்மன் சட்டென்று.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். எனக்கு அது வராது. எதையும் மூடி வைக்கத் தெரியாது.

"ஹெல்பர் இல்ல சார். பெயிண்டரு. என் பொஞ்சாதியோட அண்ணன். செட்டுக்குள்ள பெயிண்ட் அடிச்சிக் கெடுத்துட்டாரு. வயரும் முறிஞ்சிபோச்சி. அவரு கைய எடுத்தா துடிப்பு மேல பூடும்."

ஃபோர்மன் துப்பினார்.

ஆபீசர் ஹெட்போனை மறுபடி மாட்டினார். "எடுங்க" என்றார். மச்சான் எடுத்தார். "வைங்க." வைத்தார். "எடுங்க. கொஞ்சம் தள்ளி வைங்க. கிட்ட. ம்... விரலை மடக்குங்க." பத்துத் தடவையாவது இருக்கும். அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்கும் பெருமை தாங்கவில்லை. ஆபீசர் சொல்வதற்கு முன்பே கையை எடுத்தும் வைத்தும் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிற மனிதரும் ஃபெயில் போடலாம்.

ஆபீசர் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபோர்மனிடம் நீட்டினார். ஃபோர்மன் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்தார். இரண்டு ஆட்கள் இயக்கும்போது செட் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, பாஸ். சரியான டிரிம்மர் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளவும்.

திங்கட்கிழமை காலை என் கூட்டாளிகள் கேஜில் ஏறினார்கள். நான் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன். அன்றைய டீயைப் போல ஒரு டீயை அதற்கப்புறம் நான் குடிக்கவில்லை.

புதன்கிழமை மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. ஆபீசர் எழுதியதில் முதல் வரியைத்தான் அவர்கள் படித்திருந்தார்கள். வண்டி செட்டுக்கு இரண்டு ஆள். ஒன்று நான். இன்னொன்று, பெயிண்டிங்கிலிருந்து மாற்றப்பட்ட மச்சான். அவருக்கு ஒரு ஸ்டூலும் கொடுத்தார்கள். வந்த அன்றே அதற்கு சில்வர் பெயிண்ட் அடித்தார்.

எட்டு மாதம் கழித்து ஸ்டோரிலிருந்து நல்ல டிரிம்மர் வந்தது. வைத்தேன், விசில் அடங்கும் வரை திருகினேன், நிறுத்தினேன். இனி கை வேண்டாம். அந்த எட்டு மாதமும் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் வரைக்கும் போய்த் திரும்பும் ஒவ்வொரு டெஸ்ட் ஓட்டத்திலும் என் காதில் தன் கையின் பெருமையைப் பேசியிருந்தார். ஒருவழியாகத் தொலைந்தார் என்று ஃபோர்மனிடம் ஓடினேன்.

"சார், இனிமே இந்த செட்டுக்கு ஒரு ஆள் போதும்."

ஃபோர்மன் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"எழுதி அனுப்பட்டா? ஒரு ஆள் போதும்னு எழுதினா, யாரைக் கழிக்கிறதுன்னு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க. உன் மச்சான் பெயிண்டிங்குக்குத் திரும்பிப் போவாரு. உன்னைக் கழிச்சா நீ எங்க போவே?"

எனக்குக் கூண்டின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வாணாம் சார். எழுதாதீங்க" என்றேன்.

வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். வண்டிக்குத் திரும்பினேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கை வெக்கட்டா மாப்ள?"

"வைய்யா" என்றேன்.